கல்யாண வீடியோக்காரி ஒப்பரேஷன் தியேட்டருக்குள் போன கதை

கற்பிட்டிப் பக்கத்தில் முஸ்லிம் வீட்டுக் கல்யாணம் என்றால், பொம்பிளைகள் இருக்கும் பக்கத்துக்குக் கெமராவோடு ஆம்பிளை ஒருவன் நுழைய முடியாது. அதனாலேயே ஃபஸ்னாவின் பெயர் புத்தளம் வரைக்கும் தெரிந்திருந்தது. கல்யாணத்துக்கு நாள் குறிக்க முன்னமே, "ஃபஸ்னாக்கு அண்டைக்கு வேற வேலை இரிக்கா எண்டு கேட்டுப் பாருங்க" என்று சொல்லும் உம்மாமார் ஊரில் இருந்தார்கள்.

உப்பளத்தில் வேலை செய்த அத்தாஉல்லாவின் கடைசி மகள் அவள். வாய் கொஞ்சம் நீளம். சாச்சியின் மகள் கல்யாணத்தில் விளையாட்டுக்குப் போனில் எடுத்த வீடியோவை மாப்பிள்ளை வீட்டாரே கேட்டு வாங்கிப் போனார்கள். அப்படித் தொடங்கியதுதான் இந்தத் தொழில். மற்ற வீடியோக்காரர்கள் மணப்பெண்ணின் முகத்தையும் கழுத்து நகையையும் சுற்றிச் சுற்றி வருவார்கள். ஃபஸ்னாவுக்குக் கைகள்தான் பைத்தியம். மருதோண்டி காய்ந்து வெடிக்கும் உள்ளங்கை, புது மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் விரல், மகளின் முந்தானையைச் சரிசெய்கிற சாட்டில் ஒருதரம் தடவிக்கொள்ளும் உம்மாவின் கை என்று எதையும் தப்பவிட மாட்டாள். அந்த நேரத்தில் அவள் மூச்சு விடுகிறாளா என்றுகூடச் சந்தேகமாக இருக்கும். படம் ஒரு நூல் அளவும் ஆடாது.

அவளுடைய புருஷன் றவூப் வான் ஓட்டுகிறவர். அவளையும் விளக்குச் சாமான்களையும் கல்யாண வீட்டில் இறக்கிவிட்டு, ஆம்பிளைகள் பக்கம் போய், பலர் கூடி உண்ணும் சஹன் தட்டைச் சுற்றிக் குந்தி வயிறு முட்டச் சாப்பிட்டு, வானுக்குள் வந்து படுத்துவிடுவார். "இந்தத் தொழில்ல கஷ்டமான வேலை என்டதான்" என்று யாரிடமும் சொல்லுவார்.

பிறகு கொரோனா வந்தது. கல்யாணங்கள் நின்றன. கெமரா அலுமாரிக்குள் போனது. கொஞ்சம் கொஞ்சமாக ஊர் திறந்தபோது, முகக்கவசம் கட்டிய சின்னச் சின்னக் கல்யாணங்கள் நடந்தன. அப்படியொரு கல்யாணம் புத்தளத்தில். மணப்பெண் கொழும்பில் தாதியாக வேலை பார்த்தவள். ஃபஸ்னா அவளுடைய கையில் மருதோண்டி வைப்பதை எடுத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் யாரோ வட்டிலப்பம் சாப்பிட்டபடி தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. கட்டையாக வெட்டிய நரைமுடி, சாதாரணப் பருத்திச் சேலை, ஐம்பது வயசிருக்கும்.

"உங்கட கை ஆடவே மாட்டாதா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"ஆடினாப் பொண்ணு வீட்டார் சும்மா விடுவாங்களா?"

"கையை மட்டும் எடுக்கத் தெரிஞ்ச ஒரு ஆளைத்தான் நான் கனநாளாத் தேடுறன்."

"ஆர்ட கையை எடுக்கணும்? உங்கட மகளுக்கா கல்யாணம்?"

"இல்ல. என்ட கையை."

ஃபஸ்னா அந்தக் கையைப் பார்த்தாள். மோதிரம் இல்லை, வளையல் இல்லை. நகங்கள் ஒட்ட வெட்டியிருந்தன. இதில் எடுக்க என்ன இருக்கிறது என்று அவளுக்கு விளங்கவில்லை.

சிலாபத்தைச் சேர்ந்த டொக்டர் மெரினா அவர். மணப்பெண் அவரோடுதான் வேலை செய்தாள். வலிக்கு வைத்தியம் பார்ப்பதுதான் தன் வேலை என்று அவர் சொன்னபோது ஃபஸ்னாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வலிக்கெண்டு தனி டொக்டரா? அதுக்குத்தான் பனடோல் இரிக்கே!"

டொக்டரும் சிரித்தார். பிறகு வட்டிலப்பக் கிண்ணத்தை வைத்துவிட்டுச் சொன்னார். சிலருக்குக் காயம் ஆறிவிடும், ஒப்பரேஷன் சரியாகத்தான் முடிந்திருக்கும்; ஆனால் நரம்பு மட்டும் நோகுது, நோகுது என்று மூளைக்குக் கூவிக்கொண்டே இருக்கும். பனடோல் மாதிரிக் குளிசைக்கு அடங்காது. அப்படிப்பட்ட ஆளுக்கு முதுகெலும்புக்குள்ளே, நரம்புத் தண்டுக்குப் பக்கத்தில், ஊசி வழியாக மெல்லிய கம்பி ஒன்றைச் செலுத்தி, மிகச் சிறிய மின்துடிப்புக் கொடுத்தால் அந்தக் கூச்சல் அடங்கலாம். எல்லாருக்கும் இல்லை, பலருக்கு. அந்த வேலையைப் படிக்க யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மாத்தறையிலும் டொக்டர்மார் காத்திருக்கிறார்கள்.

"முந்தி அவங்க வந்து எனக்குப் பின்னால நிப்பாங்க. என்ட பிடரியைப் பார்த்திட்டுப் போவாங்க. கொரோனாவால இப்ப அதுக்கும் வழியில்ல. அதனால வீடியோவிலதான் பாடம் நடத்தப்போறன். கொழும்பில ஒருத்தரைப் பிடிச்சன். அவர் முழுக்க முழுக்க என்ட முகத்தை எடுத்துத் தந்தார்."

"நல்லா வந்திச்சா?"

"முகம் நல்லாத்தான் வந்தது. ஊசியைத்தான் காணயில்ல."

ஃபஸ்னா ஒத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போகும் வழியில் வானில் வைத்து விஷயத்தைச் சொன்னபோது றவூப் பிரேக்கில் காலை வைத்துவிட்டார்.

"ரத்தம் வருமா?"

"கொஞ்சமா வருமாம்."

"அப்ப நான் வெளியில வான்ல இரிக்கிறன்."

"நீங்க எப்பவும் அங்கதானே இரிக்கிறீங்க."

முதலில் சிலாபத்தில் டொக்டரின் வீட்டில் ஒத்திகை நடந்தது. சாப்பாட்டு மேசையில் பிளாஸ்டிக் முதுகெலும்பு ஒன்றைக் கவிழ்த்து வைத்து, ஊசியை எப்படிப் பிடிப்பது, எந்தச் சரிவில் இறக்குவது என்று டொக்டர் செய்து காட்டினார். ஃபஸ்னா எடுத்தாள். வீட்டுக்குக் கொண்டுபோய், தன்னால் முடிந்த அத்தனை அழகும் செய்து, அடுத்த கிழமை மடிக்கணினியில் கொண்டுவந்து காட்டினாள்.

வயலின் இசையோடு படம் தொடங்கியது. ஊசி மெதுவாக, மிக மெதுவாக, பிளாஸ்டிக் எலும்பை நோக்கி இறங்கியது. நாலு மூலையிலிருந்தும் ரோசா இதழ்கள் உதிர்ந்தன. ஊசி உள்ளே போன இடத்தில் சிவப்பு இதயம் ஒன்று விரிந்து வெடித்தது.

டொக்டர் தலையைக் குனிந்துகொண்டார். கோபமாக்கும் என்று நினைத்து ஃபஸ்னா படத்தை நிறுத்தப் போனாள். பார்த்தால் அவருடைய தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஃபஸ்னா, இந்த எலும்பு ஆரைக் கல்யாணம் முடிக்கப் போகுது?" என்று கேட்டார்.

ஃபஸ்னாவுக்கும் அடக்க முடியவில்லை. இரண்டு பேரும் சிரித்து ஓய்ந்த பிறகு டொக்டர் விளக்கினார். பாட்டு வேண்டாம், தான் கதைப்பது தெளிவாகக் கேட்க வேண்டும். வேகத்தைக் குறைப்பது நல்லதுதான், ஆனால் அவர் சொல்லும் இடத்தில் மட்டும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. ஊசி பிடித்த கை இங்கே இருக்கும். உடம்புக்குள் ஊசி எங்கே நிற்கிறது என்பதைக் காட்டும் எக்ஸ்ரே திரை அங்கே இருக்கும். கை அரை அங்குலம் அசைந்தால் திரையில் என்ன மாறுகிறது என்பதை, பார்க்கிறவர் அந்த நிமிஷமே கண்டால்தான் படிப்பு.

"கெமராவை அங்கயும் இங்கயும் திருப்பினா இரண்டும் கிடைக்காது" என்றார் டொக்டர்.

"எதுக்குத் திருப்பணும்? மாப்பிள்ளை பள்ளிவாசல்ல இரிப்பார், பொண்ணு வீட்டில இரிப்பா. ஆம்பிளைகள் பக்கம் எடுக்கிற ஸப்ராஸ் நானா பள்ளியில எடுப்பார், வீட்டில நான் எடுப்பன். மாப்பிள்ளை 'கபூல்', ஏத்துக்கொண்டன் எண்டு சொல்லுற நேரம் பொண்ணு என்ன செஞ்சா எண்டு திரையை ரெண்டாப் பிரிச்சுப் போட்டா, சனம் அழுதிடும். இங்கயும் ரெண்டு கெமரா வைப்பம்."

"யாரும் அழ வேணாம். ஆனா அதேதான் வேணும்" என்றார் டொக்டர்.

வைத்தியம் செய்துகொள்ள இருந்தவர் குறிஞ்சிப்பிட்டிப் பேதுரு. கடலுக்குப் போய் வந்த மனிதர். படகு தள்ளும்போது வழுக்கி விழுந்து, முதுகில் ஒப்பரேஷன் செய்து, முதுகு சுகமாகி, இடது கால் மட்டும் ஆண்டுக்கணக்காக நெருப்பாக எரிந்துகொண்டிருந்தது. சாரத்தின் துணி பட்டாலும் தாங்காது. வாசலில் கதிரையைப் போட்டு, காலைத் தனியாக ஒரு முக்காலியில் வைத்துக்கொண்டு, தெருவால் போகிற வருகிற எல்லோரையும் கூப்பிட்டுக் கதைப்பார். அவருடைய மனைவி பாக்கியம்மா, "இவருக்குக் கால் வலி வந்த நாளில இருந்து எனக்குக் காது வலி" என்று வரவேற்றபோதே, ஃபஸ்னாவுக்கு அந்த வீடு பிடித்துப்போனது.

டொக்டர் முன்னமே எல்லாம் விளக்கிச் சம்மதம் வாங்கியிருந்தார். முகத்தைத் தெரியாமல் மறைத்துவிடலாம் என்று ஃபஸ்னா சொன்னதும் பேதுருவுக்கு ரோசம் வந்துவிட்டது.

"ஏன் தங்கச்சி, நான் என்ன தேங்காய் களவெடுத்தனா முகத்தை மறைக்க? பாக்கியம், அந்த வெள்ளைச் சேட்டை எடு!"

சவரம் செய்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு, தலை வாரி வந்து நின்றார். வைத்தியத்துக்கு முன் எப்படி நடக்கிறார் என்பதை எடுக்க வேண்டும். வாசலில் இருந்து கிணற்றடிக்கு நடந்தார். பாதி வழியில் பேச்சு நின்றது. தென்னை மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். ஃபஸ்னா வழக்கம்போல் கையைத்தான் எடுத்தாள். மரத்தின் சொரசொரப்பில் அந்த விரல்கள் வெளிறிப்போகும் அளவுக்கு இறுகியிருந்தன. இவ்வளவு நேரம் சிரிக்கச் சிரிக்கக் கதைத்த மனிதர் எதைச் சுமந்துகொண்டு கதைத்தார் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கெமராவைத் தாழ்த்திவிட்டு ஓடிப்போய்க் கதிரையைக் கொண்டுவந்து போட்டாள்.

கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நாள் குறித்தார்கள். தியேட்டரில் எக்ஸ்ரே ஓடும் என்பதால் ஃபஸ்னாவுக்கும் ஈய அங்கி மாட்டினார்கள். மூட்டை உப்பைத் தோளில் ஏற்றியது மாதிரி இருந்தது. பச்சைத் துணி எதையும் தொடக் கூடாது என்றார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் தியேட்டர் முழுக்கப் பச்சைத் துணி. கையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்து தன் இடத்துக்குப் போனாள். நீண்ட கை வைத்த தாங்கியில் ஒரு கெமரா டொக்டரின் கைக்கு மேலே நின்றது. இன்னொன்று எக்ஸ்ரே திரைக்கு முன்னால்.

பேதுரு குப்புறப் படுத்திருந்தார். முதுகு மட்டும் மரத்துப்போகும்படி ஊசி போட்டிருந்தார்கள், ஆள் விழிப்பாகத்தான் இருந்தார்; கம்பி சரியான இடத்தில் நிற்கிறதா என்று அவர்தான் சொல்ல வேண்டும். டொக்டர் ஊசியை இறக்கினார். கெமராத் திரைக்குள்ளால் பார்த்தபோது ஃபஸ்னாவுக்குப் பயம் வரவில்லை. அங்கே இருந்தது கை மட்டும்தான். பெருவிரல் அழுத்துவதும், நிற்பதும், மறுபடி அழுத்துவதும். ஒரு இடத்தில் அழுத்தம் சட்டென்று விட்டுப்போனது; அந்த விரல் அதை உணர்ந்தது அவளுக்கே தெரிந்தது.

கம்பி உள்ளே ஏறியது. எக்ஸ்ரே திரையில் கறுப்பு நூல் மாதிரி மேலே போனது. கொஞ்ச தூரம் போய் இடப்பக்கமாக வளைந்தது.

"பக்கமாப் போகுது. நிப்பாட்டுவம்" என்று டொக்டர் சொல்லி, கம்பியைப் பின்னுக்கு இழுத்தார். நுனியைத் திருப்பி மறுபடி ஏற்றினார். மறுபடியும் வளைந்தது. தாதி ஒருத்தி டொக்டரின் நெற்றி வியர்வையைத் துடைத்தாள். டொக்டர் அவசரப்படவில்லை. கம்பியை முழுக்க வெளியே எடுத்தார். ஊசியின் சரிவைக் கொஞ்சம் மாற்றினார். இந்தத் தடவை நூல் பிடித்தது போல நேராக நடுவால் ஏறியது.

"பேதுரு, இப்பச் சின்னக் கரண்ட் ஒண்டு விடுறம். எங்க தெரியுது எண்டு சொல்லுங்க."

"வயித்துப் பக்கம், டொக்டர்."

"இப்ப?"

"இறங்குது... தொடை... முழங்கால்... ஆ, பாதம்! டொக்டர், பாதத்தில நண்டுக் குஞ்சு ஓடுது!"

"நோகுதா?"

"நண்டு கடிக்கயில்ல. சும்மாதான் ஓடுது."

"நான் நண்டைக் கேக்கயில்ல. உங்கட பழைய நோவு?"

பேதுரு கண்ணை மூடிக்கொண்டார். அந்த வாய் அவ்வளவு நேரம் மூடியிருந்ததை அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள்.

"இருங்க, தேடிப் பார்க்கிறன்" என்றார் கடைசியில். "கிடக்குது டொக்டர். ஆனா தூரத்தில கிடக்குது. பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி."

தியேட்டரே சிரித்தது. கம்பியைக் கட்டி முடித்து, டொக்டர் கையுறையைக் கழற்றும்வரை ஃபஸ்னா எடுத்தாள். பிறகு கெமராவை நிறுத்திவிட்டு முதல்தடவையாக வெறுங்கண்ணால் திரும்பிப் பார்த்தாள். தட்டத்தில் இரத்தம் தோய்ந்த பஞ்சு கிடந்தது. தரை மெல்ல எழும்பி அவளை நோக்கி வந்தது.

வைத்தியம் செய்துகொண்டவர் கதைத்துக்கொண்டே வெளியே வந்தார். வீடியோ எடுத்தவளைத்தான் சக்கரக் கதிரையில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். றவூப் அதைக் கண்டு பதறி ஓடிவந்து, "என்ட அல்லாஹ், இவவுக்குமா ஒப்பரேஷன்?" என்று கேட்டதை அந்தத் தாதிமார் கனநாளைக்குச் சொல்லிச் சிரித்தார்களாம்.

வீட்டில் ஃபஸ்னா படத்தை வெட்டித் தொடுத்தாள். இடப்பக்கம் கை, வலப்பக்கம் எக்ஸ்ரே. இசை இல்லை, ரோசா இல்லை. கம்பி வளைந்துபோன இரண்டு இடங்களையும் சுத்தமாக எடுத்துவிட்டாள். டொக்டருக்கு அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"ஃபஸ்னா, நல்லா வந்திருக்கு. ஆனா இடையில ஒரு துண்டைக் காணயில்லையே?"

"அது... கம்பி பிழையாப் போன இடம் டொக்டர். இத்தினை டொக்டர்மார் பார்க்கப் போறாங்க. உங்கட மரியாதைக்கு அது சரிவராது எண்டு வெட்டிட்டன்."

"கல்யாணத்தில பொண்ணு அழுதா வெட்டுவீங்களா?"

"அழுதா வெட்ட மாட்டன். மூக்கு ஒழுகினா வெட்டுவன்."

"இதில என்ட மூக்கு ஒழுகுற இடம்தான் பாடம். நேராப் போற கம்பியைப் பார்த்து ஆரும் எதுவும் படிக்கப் போறதில்ல. வளையுது எண்டு எப்படிக் கண்டன், ஏன் பலவந்தமாத் தள்ளாம வெளிய எடுத்தன், பிறகு கையில என்னத்தை மாத்தினன், அதைத்தான் அவங்க பார்க்க வேணும். திரும்பப் போடுங்க. வேகத்தையும் குறைச்சுப் போடுங்க."

ஃபஸ்னா போனை வைத்தாள். மாமாவின் வழுக்கையை எடுத்துவிடு, பிரியாணிச் சண்டையை எடுத்துவிடு, மச்சி முகம் சுளித்ததை எடுத்துவிடு என்று கேட்டவர்களைத்தான் அவளுக்குத் தெரியும். தன் பிழையைத் திரும்பப் போடு, மெதுவாகப் போடு என்று கேட்ட ஆள் இவர் ஒருவர்தான். டொக்டர் மேல் அதுவரைக்கும் இருந்தது பிரியம். அன்று அதோடு வேறொன்றும் சேர்ந்துகொண்டது. மூல வீடியோவைத் திறந்து, வெட்டிய துண்டைத் தேடி எடுத்தாள்.

பாடம் நடந்த அன்று ஃபஸ்னா சிலாபத்தில் டொக்டரின் மேசையில் மடிக்கணினிக்குப் பக்கத்தில் இருந்தாள். திரையில் சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் வெவ்வேறு ஊர் டொக்டர்மாரின் முகங்கள். பேச்சு முழுக்க ஆங்கிலத்தில். அவளுக்குப் பாதி விளங்கியது, பாதி விளங்கவில்லை. ஆனால் எல்லோரும் ஒரே துண்டைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னார்கள் என்பது நன்றாக விளங்கியது. கம்பி வளைகிற இடம். நிறுத்து, பின்னுக்குப் போ, அந்தப் பெருவிரலை இன்னொரு தரம் காட்டு. கேள்விக்கு மேல் கேள்வி. டொக்டர் மெரினா ஒவ்வொன்றுக்கும் ஆறுதலாகப் பதில் சொன்னார். கடைசியில் மட்டக்களப்பில் இருந்து ஒரு இளம் டொக்டர், வீடியோ எடுத்தது யார் என்று கேட்டார். டொக்டர் மெரினா மடிக்கணினியைத் திருப்பினார். ஃபஸ்னா முந்தானையைச் சரிசெய்யவும் நேரமில்லாமல், "நான் கற்பிட்டி. கல்யாணம் எடுக்கிற ஆள்" என்றாள். கட்டங்கள் எல்லாம் ஒன்றாகச் சிரித்தன, சில கட்டங்கள் கைதட்டின.

தியேட்டரில் ஏற்றியது சில நாள் வைத்துப் பார்க்கும் சோதனைக் கம்பிதான்; பேதுருவுக்கு அது நல்ல பலன் கொடுத்ததால், பிறகு சின்னப் பெட்டரி ஒன்றைத் தோலுக்கு அடியில் நிரந்தரமாக வைத்தார்கள். நோவு முழுக்கப் போகவில்லை, ஆனால் பக்கத்து வீட்டிலேயே தங்கிவிட்டது. கடற்கரை வரைக்கும் நடந்தார். படகு தள்ளக் கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால், படகு தள்ளுகிறவர்களுக்குக் கரையில் நின்று புத்தி சொல்லும் வேலையை எடுத்துக்கொண்டார். அந்தப் பெட்டரிக்கு இடைக்கிடை சார்ஜ் ஏற்ற வேண்டும். நாடு முழுக்கக் கரண்ட் கட் நடந்த காலம் அது. "பாக்கியம், கரண்ட் போகப் போகுது, என்னைச் சார்ஜில போடு!" என்று அவர் கத்துவது நாலு வீட்டுக்குக் கேட்கும். பாக்கியம்மாவின் காது வலிக்கு மட்டும் மருந்து வரவில்லை.

ஃபஸ்னா அதற்குப் பிறகு டொக்டர் மெரினாவோடு இன்னும் பல பாடங்கள் எடுத்தாள். வெறுங்கண்ணால் பார்த்தாலும் இப்போது மயக்கம் வருவதில்லை. மட்டக்களப்பு டொக்டர், சுஹைர் என்று பெயர், கொழும்புக்கு வந்து டொக்டர் மெரினா பக்கத்தில் நிற்கத் தன் முதலாவது கம்பியை ஏற்றினார். அதையும் ஃபஸ்னாதான் எடுத்தாள். சில மாதம் கழித்து அவரே போன் எடுத்து அக்கா முறை வைத்துக் கூப்பிட்டார்.

"லாத்தா, ஒரு வீடியோ எடுக்கணும். வருவீங்களா?"

"வாறன் டொக்டர். முதுகா, கழுத்தா?"

"ரெண்டும் இல்ல லாத்தா. எனக்குக் கல்யாணம். பொண்ணு வீட்டார் பொம்பிளை ஆள்தான் வேணுமெண்டு நிக்கிறாங்க."

நிக்காஹுக்கு முந்தின நாளே றவூப்பும் அவளும் வானில் பொண்ணு வீடு இருந்த கிழக்குக் கரைக் காத்தான்குடிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். விடியும்போதே இருவரும் கடற்கரைக்கு நடந்தார்கள். பிறந்த நாளில் இருந்து மேற்குக் கரையில் கடலுக்குள் சூரியன் விழுவதையே பார்த்தவள், அது கடலுக்குள் இருந்து ஏறி வருவதை அன்றுதான் பார்த்தாள். கெமரா பைக்குள்ளேயே கிடந்தது. றவூப் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நம்மட பக்கம் உளுறது இங்கதான் வந்து எழும்புதாக்கும்" என்றார். "வா, பசிக்குது. பொண்ணு வீட்டில ஆப்பம் சுடுறாங்களாம்."

ஃபஸ்னா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் நடந்தாள்.